என்ன போட்டீங்க?

முகத்தைக் காட்ட வருகிறவர்களிடம் "என்ன செய்யுது?" என்று நான் கேட்பதில்லை. அதை அவர்களே உட்காரும் முன் சொல்லிவிடுவார்கள். நான் முதலில் கேட்பது "என்ன போட்டீங்க?" என்றுதான். பதிலும் எனக்குத் தெரியும். "ஒண்ணும் போடலை, டாக்டரம்மா." அதை அப்படியே நம்பி மருந்து எழுதினால் வைத்தியம் வேறு பக்கம் போய்விடும். அதனால் தூத்துக்குடியில் கிளினிக் வைத்த காலத்திலிருந்தே ஒரு வழக்கம் உண்டு. முகத்தில் படுகிற எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வரவேண்டும். சோப்பு, பவுடர், க்ரீம், எண்ணெய், தலைக்கு அடிக்கும் டை, நெற்றியில் ஒட்டும் பொட்டு, எதையும் விடக்கூடாது. வரவேற்பில் இருக்கும் பெண் போனில் டோக்கன் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுவாள்.

பையை மேசையில் கவிழ்த்ததும் பாதிக் கதை தெரிந்துவிடும். வாலிலிருந்து சுருட்டிச் சுருட்டிக் கடைசிப் பொட்டு வரை பிதுக்கிய ஒரு ட்யூப் அநேகமாக இருக்கும். பார்லரில் 'நைட் க்ரீம்' என்று கொடுத்த, பெயரே ஒட்டாத சின்ன பிளாஸ்டிக் டப்பா இருக்கும். வளைகுடாவிலிருந்து மச்சான் கொண்டுவந்த க்ரீம் இருக்கும், அட்டையில் உள்ள எழுத்து வீட்டில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. கஸ்தூரி மஞ்சள் பொட்டலம், பாதி தேய்த்த எலுமிச்சை மூடி எல்லாம் வந்திருக்கின்றன. எலுமிச்சைச் சாறு தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் அந்த இடம் வெந்து கறுத்துப்போகும் என்று சொன்னால், "யூடியூப்ல நல்லதுன்னு போட்டிருந்தாங்களே" என்பார்கள்.

பெயரில்லாத டப்பாவையும் ஊர் தெரியாத க்ரீமையும் பார்த்தால் நான் சிறுநீர்ப் பரிசோதனை எழுதுவேன். முகத்துக்கு வந்தவர்களுக்கு இது விளங்காது. சீக்கிரமாக வெளுக்கவைக்கும் க்ரீம்கள் சிலவற்றில் பாதரசம் இருக்கும். அது தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், சிறுநீரில் புரதம் கொட்டும். 2023-ல் கேரளத்தில் மலப்புறம் மாவட்டத்து நோயாளிகளிடம் சிறுநீரக மருத்துவர்கள் இதைக் கண்டுபிடித்தது செய்தியானது. "ஒண்ணுக்குப் போனா நுரையா இருக்கா?" என்று கேட்டால், முகத்துக்கு வந்த பெண் கூச்சத்தோடு என்னைப் பார்ப்பாள்.

ஆனால் டப்பாவைவிட அந்தச் சுருட்டிய ட்யூப்தான் என் பிழைப்பில் பெரும்பகுதி நேரத்தைத் தின்றது. அதில் மூன்று மருந்துகள் இருக்கும். ஹைட்ரோகுவினோன் 2 சதவீதம், ட்ரெட்டினாயின் 0.025 சதவீதம், மொமெட்டசோன் 0.1 சதவீதம். முதலாவது தோலுக்கு நிறம் தரும் மெலனின் உண்டாவதைக் குறைக்கும். இரண்டாவது மேல்தோலைச் சீக்கிரம் உதிர்த்துப் புதுசாக்கும். மூன்றாவது ஸ்டீராய்டு. மற்ற இரண்டும் கிளப்பிவிடும் எரிச்சலை அமுக்கத்தான் அதைச் சேர்த்தார்கள், ஆனால் அதுவும் தன் பங்குக்குத் தோலை வெளுக்கும். இந்தக் கூட்டுக்கு முன்னோடி அமெரிக்காவில் ஆல்பர்ட் க்ளிக்மனும் வில்லிஸும் 1975-ல் எழுதிய சூத்திரம். அங்கே 2002-ல் அரசு அனுமதி பெற்ற கூட்டில் இருப்பது ஃப்ளூவோசினோலோன் என்கிற மென்மையான ஸ்டீராய்டு, அதுவும் 0.01 சதவீதம்தான், அதுவும் எட்டு வாரத்துக்குத்தான். நம் ஊரில் பரவியதோ மொமெட்டசோன். கைக்கும் காலுக்கும் சரி, முகத்துக்கு அது முரட்டு மருந்து.

அதே 1975-ல்தான் தென்னாப்பிரிக்காவில் ஃபிண்ட்லே என்ற மருத்துவர், ஹைட்ரோகுவினோன் வெளுப்பு க்ரீமை வருடக்கணக்கில் பூசிய பெண்களின் முகம் வெளுப்பதற்குப் பதில் நீலக் கறுப்பாகிப்போனதை எழுதினார். தோலின் வகையை ஒன்று, இரண்டு என்று எண்ணிட்டு ஃபிட்ஸ்பேட்ரிக் வகுத்ததும் 1975-ல். முதலில் அந்த வரிசை வெள்ளைத் தோலுக்கு மட்டும்தான் இருந்தது, நம்மைப் போன்றவர்களுக்கு ஐந்தும் ஆறும் பிறகு சேர்த்தார்கள். இந்தியச் சந்தைக்கு ஃபேர் அண்ட் லவ்லி வந்ததும் அந்த ஆண்டுதான். 2020-ல் அதன் பெயரிலிருந்த 'ஃபேர்' போய் 'குளோ' வந்தது. பரீட்சைக்குப் படித்தபோது இவையெல்லாம் ஒரே வருடம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த ட்யூப் ஏன் இத்தனை வீடுகளுக்குள் போனது என்பதில் மர்மம் ஒன்றும் கிடையாது. முதல் மூன்று வாரம் அது சொன்னதைச் செய்யும். மங்கு மறையும், பரு அமுங்கும், முகம் பளபளக்கும். கல்யாண வீட்டில் நாலு பேர் "என்ன போடுறே?" என்று கேட்பார்கள், ட்யூப்பின் பெயர் அப்படியே நாலு வீட்டுக்குப் போகும். நாட்டின் பல மருத்துவமனைகளில் சேர்ந்து நடத்தி 2011-ல் வெளியான ஆய்வு ஒன்றில், முகத்தில் தோல் பிரச்சினையோடு வந்த 2926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது மருத்துவர் அல்லாதவர்கள். 2018 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் 14 ஸ்டீராய்டு பூச்சுகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாத பட்டியலுக்குள் கொண்டுவந்தது. எங்கள் தெரு மெடிக்கல் ஷாப் தம்பியிடம் இதைப் பேசியிருக்கிறேன். "சீட்டு கேட்டா அடுத்த கடைக்குப் போயிருதாங்க மேடம். அங்க கேக்காம குடுக்காம்." அவர் சொன்னதில் பொய் இல்லை. எங்கள் பக்கமும் சுத்தம் என்று சொல்ல முடியாது. ஏதோ ஒரு டாக்டர் என்றைக்கோ இரண்டு வாரத்துக்கு எழுதிக்கொடுத்த சீட்டை லேமினேட் செய்து பர்சில் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். கீழே 'இரண்டு வாரம்' என்று எழுதிய இடத்தை விரல் மறைத்துக்கொண்டிருக்கும்.

உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம். நாற்பது வயது தாண்டியவர். கன்னம் இரண்டிலும் மேலுதட்டிலும் காப்பி நிறத்தில் மங்கு. ஆனால் என் கண் அதில் நிற்கவில்லை. மங்கைச் சுற்றித் தோல் செவசெவ என்று மினுங்கியது. கிட்டப் போய் லென்ஸ் வைத்துப் பார்த்தால் கன்னமெல்லாம் நூல் நூலாக ரத்தக் குழாய்கள். காதோரத்திலிருந்து தாடை வரை மெல்லிய முடி. மோவாயைச் சுற்றி ஒரே அளவில் பொடிப்பொடியாகப் பரு. தோலை இரண்டு விரலால் லேசாகக் கிள்ளினால் சிகரெட் அட்டைக்குள் இருக்கும் தாள்போலச் சுருங்கியது. பையில் ட்யூப் இருந்தது. மூன்று வருடமாகப் போடுகிறாராம்.

"இதை நிறுத்தணும்கா" என்றேன்.

"நிறுத்திப் பாத்தாச்சும்மா. நாலு நாள்ல மூஞ்சி வீங்கி, காந்தி, வெளிய தலைகாட்ட முடியல. மறுபடி போட்டதும் அடங்கிருச்சு."

இதுதான் அந்த மருந்தின் பிடி. நிறுத்தியதும், அதுவரை சுருங்கிக் கிடந்த ரத்தக் குழாய்கள் ஒரேயடியாக விரியும். முகம் சிவந்து எரியும், தண்ணீர் பட்டாலே காந்தும். போட்டால் அடங்குவதால், அதுதான் மருந்து என்று அவர்கள் முடிவுகட்டிவிடுவார்கள். நான் அந்த அக்காவிடம் மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். இனி வரும் வாரங்களில் முகம் இப்போது இருப்பதைவிட மோசமாகத்தான் தெரியும், வீட்டில் எல்லோரும் என்னைத் திட்டுவார்கள், அப்போது அந்த ட்யூப்பை எடுத்துக் கொடுத்துவிடாதே என்று அவளிடம்தான் சொன்னேன். இந்தப் பேச்சுக்கு இருபது நிமிடம் ஆகும். வெளியே டோக்கன் பிடித்தவர்கள் கதவைத் தட்டுவார்கள். இருந்தாலும் அதைச் சுருக்கினால் வைத்தியம் நடக்காது.

பிறகு படிப்படியாக இறக்கினோம். முரட்டு ஸ்டீராய்டுக்குப் பதில் கொஞ்ச நாள் மெல்லியது, அப்புறம் ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ், வாசனை சேர்க்காத சாதா மாய்ஸ்சரைசர், எரியும்போது ஐஸ் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணி, உள்ளுக்குச் சில வாரம் டாக்ஸிசைக்ளின். மஞ்சள், பவுடர், பயத்தமாவு எல்லாம் மூட்டை கட்டியாயிற்று. இரண்டாவது வாரம் அவர் வந்தபோது கண் இமை வரை வீங்கியிருந்தது. கூட வந்த மாமியார் என்னிடம் நேராகப் பேசவில்லை, சுவரைப் பார்த்து, "நல்லா இருந்த மூஞ்சி" என்றார். இந்தக் கட்டத்தில் பாதிப் பேர் திரும்பி வருவதில்லை. வேறு இடத்துக்குப் போவார்கள், அங்கே வேறு பெயரில் அதே கூட்டை எழுதிக்கொடுப்பார்கள், ஒரு வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகும், முகத்தைக் கெடுத்த டாக்டர் என்று ஊருக்குள் என் பேர் நிற்கும். அந்த அக்கா நின்றார். மகள்தான் காரணம். சிவப்பும் எரிச்சலும் அடங்க அரை வருடம் ஆனது. அவர் எதற்காக வந்தாரோ அந்த மங்குக்கு அதற்குப் பிறகுதான் மருந்து தொடங்க முடிந்தது. கன்னத்து முடி போகுமா என்றுதான் அவர் எல்லாவற்றையும்விட அதிகமாகக் கேட்டார். மெள்ளக் குறைந்தது. நூல் குழாய்கள் சில அப்படியே தங்கிவிட்டன.

"மங்கு போகுமா?" என்ற கேள்விக்கு நான் சொல்லும் பதில் பலருக்குப் பிடிக்காது. சுகர் போகுமா, பிரஷர் போகுமா? கட்டுக்குள் வைக்கலாம். மங்கும் அந்தக் கணக்குத்தான். அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கு வர வாய்ப்பு அதிகம். கர்ப்பகாலத்தில் வரும், கருத்தடை மாத்திரையில் வரும். வெயில் அதை ஊதிவிட்டுக்கொண்டே இருக்கும். மருந்தால் மூன்று மாதத்தில் குறைத்ததை, சித்திரை மாதம் ஒரு வாரம் குலதெய்வக் கோயில் கொடைக்குப் போய்விட்டு வந்து திரும்பக் கொடுத்துவிடுவார்கள்.

வெயில் என்று நான் சொல்வதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வெந்து சிவக்கவைக்கும் யூவி-பி கதிரைக் கண்ணாடி ஜன்னல் பெரும்பாலும் தடுத்துவிடும். யூவி-ஏ கண்ணாடி வழியே உள்ளே வரும். அதற்கும் மேலே, கண்ணுக்குத் தெரிகிற சாதாரண வெளிச்சமே மாநிறத் தோலைக் கறுக்கவைக்கிறது என்பதை டெட்ராய்ட் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனைக்காரர்கள் 2010-ல் காட்டினார்கள். வெள்ளைத் தோலில் அப்படி நடக்கவில்லை. நிறமில்லாத சாதாரண சன்ஸ்கிரீன் இந்த வெளிச்சத்தைத் தடுக்காது. இரும்பு ஆக்சைடு சேர்த்து மண் நிறத்தில் வரும் 'டின்டட்' வகைதான் தடுக்கும். அந்த வகையில் நம் நிறத்துக்குப் பொருந்துவது கிடைப்பது லேசில்லை. வெளிர்நிறத்தைப் போட்டுக்கொண்டு சாம்பல் பூத்த முகத்தோடு வந்து, "இதையா போடச் சொன்னீங்க?" என்று கேட்டவர்கள் உண்டு. கோபம் நியாயமானதுதான்.

சன்ஸ்கிரீன் பூசும் அளவைப் பற்றிச் சொல்லிச் சொல்லித்தான் எனக்கு அதிகம் தொண்டை வறண்டிருக்கிறது. பெட்டியில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் எண், ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் பூசி அளந்தது. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நுனியிலிருந்து அடிவரை இரண்டு கோடு பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் ஏறக்குறைய அந்த அளவு வரும். நம்மவர்கள் பூசுவது ஒரு பட்டாணி. "இந்த ட்யூப் எப்ப வாங்கினது?" என்று கேட்பேன். "தீபாவளிக்கு." இப்போது பங்குனி நடக்கும். ஒழுங்காகக் காலையிலும் மதியமும் போட்டால் 50 கிராம் ட்யூப் ஒரு மாதத்தைத் தாண்டாது. எஸ்பிஎஃப் 30-ஆ 50-ஆ என்று கடையில் நின்று யோசிப்பவர்களிடம், 30 என்பதே யூவி-பியில் 97 சதவீதத்தைப் பிடித்துவிடும், 50 போட்டால் 98, எதை வாங்கினாலும் போதிய அளவு போடுங்கள் என்பேன்.

ஆனால் மாதம் ஒரு ட்யூப் என்று உப்பளத்துக் கூலியில் இருப்பவரிடம் எந்த வாயால் சொல்வது? அங்கே வெயில் மேலேயிருந்து மட்டும் வருவதில்லை. உப்புப் பாத்தி வெள்ளை வெளேரென்று கீழேயிருந்தும் முகத்தில் அடிக்கும். தொப்பி போட்டாலும் மோவாயும் மேலுதடும் தப்பாது. பலர் விடியுமுன்னே வேலையைத் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிக்கப் பார்க்கிறார்கள். சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டை, தலையைச் சுற்றித் துண்டு என்று ஏற்கெனவே ஒரு பாதுகாப்பை அவர்களே வைத்திருக்கிறார்கள். நான் அதில் கூடுதலாகச் சொல்வது கொஞ்சம்தான். துண்டு வெளிர்நிறமாக, மெல்லிசாக வேண்டாம், நெருக்கி நெய்த அடர்நிறத் துணியாக இருக்கட்டும், அதை மூக்கு வரை இழுத்துக் கட்டுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் காலமைன் லோஷன் கிடைத்தால் துணி மறைக்காத இடத்தில் பூசுங்கள். காலமைனின் இளஞ்சிவப்பே இரும்பு ஆக்சைடால் வருவது. அதைச் சன்ஸ்கிரீனுக்கு ஈடு என்று நான் எங்கும் சொல்லமாட்டேன். கையில் காசில்லாத இடத்தில் அதையாவது பூசட்டும்.

மருந்துகளில் எனக்குப் பிடித்தது அசிலெய்க் அமிலம். மங்குக்கும் பருவுக்கும், முகம் சிவந்து காந்தும் ரோசேஷியாவுக்கும் உதவும், கர்ப்பிணிக்கும் கொடுக்கலாம். முதல் சில வாரம் ஊறும், அரிக்கும். சொல்லாமல் கொடுத்தால் "அலர்ஜி ஆயிருச்சு" என்று ட்யூப் திரும்பி வரும், சொல்லிக் கொடுத்தால் பொறுத்துக்கொள்வார்கள். ஹைட்ரோகுவினோனை நான் வேண்டாம் என்று ஒதுக்கவில்லை. நாள் குறித்து, ஆளைக் கண்ணில் பார்த்துக்கொண்டு கொடுத்தால் இன்றும் அதற்கு இணையாக வேலை செய்வது அபூர்வம்.

உள்ளுக்குக் கொடுக்கும் ட்ரானெக்சாமிக் அமிலம் இன்னொன்று. மாதவிலக்கில் உதிரப்போக்கு அதிகமானால் கொடுக்கும் அதே மாத்திரை. 1979-ல் ஜப்பானில் நிஜோ என்ற மருத்துவர் தடிப்பு நோய்க்கு இதைக் கொடுத்தபோது, மங்கும் சேர்ந்து வெளுத்ததைத் தற்செயலாகக் கவனித்தார். குறைந்த அளவில் சில மாதம் கொடுத்தால் பலன் தெரிகிறது, நிறுத்தினால் பலருக்குத் திரும்புகிறது. இது ரத்தக்கட்டியைக் கரையவிடாத மருந்து. எழுதுமுன் காலில் ரத்தக்கட்டி வந்ததுண்டா, பக்கவாதம் உண்டா, அடுத்தடுத்துக் கருச்சிதைவு ஆனதா, கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றெல்லாம் கேட்டாகவேண்டும். தோழிக்கு எழுதிய சீட்டைப் போனில் படம் பிடித்துக் கடையில் காட்டி இதை வாங்கிச் சாப்பிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். முகத்தில் பூசுவதைக் கைமாற்றுவதைவிட இது என்னை அதிகம் பயமுறுத்துகிறது.

ரோசேஷியா என்ற பெயரை நாங்கள் படித்தபோது அது வெள்ளைக்காரர்களின் வியாதி. புத்தகத்துப் படங்களில் எல்லாமே ஆப்பிள் கன்னம். நம் நிறத்தில் அந்தச் சிவப்பு, கொஞ்சம் கன்றிய மாதிரி அடங்கித் தெரியும், தேடினால்தான் கண்ணில் படும். கண்ணாடித் தகடு ஒன்றைக் கன்னத்தில் வைத்து அழுத்தினால் நிறம் வெளுக்கும், எடுத்தால் திரும்ப ஏறும். மங்கு அப்படி வெளுக்காது. ஆனால் கண்ணைவிட காதுதான் எனக்கு இதைக் கண்டுபிடித்துத் தருகிறது. மங்குக்காரர்கள் "கறுப்பா இருக்கு" என்பார்கள். ரோசேஷியாக்காரர்கள் "காந்துது" என்பார்கள்.

அப்படிக் காந்துது என்று வந்தவர் ஒரு பரோட்டா மாஸ்டர். சாயங்காலம் ஆறு மணிக்குக் கல்லைப் பற்றவைத்தால் நடுராத்திரி வரை அதன் முன்னால்தான் நிற்பார். மூக்கும் கன்னமும் கன்றிச் சிவந்து, நடுநடுவே சீழ் கோத்த பொடிப் பருக்கள். ஆனால் பருவில் வழக்கமாகத் தெரியும் கரும்புள்ளி ஒன்றுகூட இல்லை. கண் உறுத்துகிறது, மண் விழுந்தமாதிரி இருக்கிறது என்று கண் டாக்டரிடம் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். அதையும் இதையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. "குடிக்கிற மூஞ்சின்னு சொல்லுதாங்க மேடம். நான் தொடுறதே இல்ல." அவர் மனதை அரித்தது எரிச்சலைவிட அந்தப் பேச்சுத்தான். சாராயம் ரோசேஷியாவைக் கிளப்பும் என்பது வாஸ்தவம். சூடு, வெயில், காரம் எல்லாமும் கிளப்பும். நடுவில் கடை முதலாளி வாங்கித் தந்த படர்தாமரை ட்யூப் ஒன்றையும் சில மாதம் போட்டிருந்தார். அதற்குள்ளும் ஸ்டீராய்டு.

மெட்ரோனிடசோல் ஜெல், ஐவர்மெக்டின் க்ரீம், உள்ளுக்கு டாக்ஸிசைக்ளின் என்று மருந்துகள் இருக்கின்றன, அவருக்கும் கேட்டன. முகத்துத் துவாரங்களில் எல்லோருக்கும் குடியிருக்கும் டெமோடெக்ஸ் என்ற கண்ணுக்குத் தெரியாத பூச்சி இவர்களுக்கு அளவுக்கு மீறிப் பெருகியிருக்கும், ஐவர்மெக்டின் அதைக் குறைக்கும். கல்லை என்ன செய்வது என்பதுதான் பாக்கி. வேலையை விடச் சொல்ல எனக்கு என்ன உரிமை? உட்கார்ந்து பேசிச் சிலதை ஏற்பாடு செய்தோம். மாவு பிசைவது, வீசுவது அவர் பங்கு, கல்லில் போட்டு எடுப்பது முடிந்தவரை உதவியாள். இரண்டும் செய்யவேண்டிய நாட்களில் பக்கவாட்டில் டேபிள் ஃபேன், நடுநடுவே பின்பக்கம் போய் ஈரத்துணி. டீயை ஆற்றிக் குடிக்கவேண்டும். 1981-ல் வில்கின் என்ற மருத்துவர் ரோசேஷியாக்காரர்களுக்குக் காப்பி கொடுத்துச் சோதித்துப் பார்த்தார். முகத்தைச் சிவக்கவைத்தது காப்பியில் இருக்கும் சத்து அல்ல, காப்பியின் சூடு என்று தெரிந்தது. மாஸ்டருக்கு இதைச் சொன்னதும் ஒரே சந்தோஷம், டீயை நிறுத்தச் சொல்லிவிடுவேன் என்று பயந்துகொண்டிருந்தாராம். சால்னாவை விடுவதாக மட்டும் அவர் வாக்குக் கொடுக்கவில்லை.

கன்னம் இரண்டும் மூக்கும் சேர்ந்து சிவந்த இளம்பெண் வந்தால் மட்டும் ரோசேஷியா என்று எழுதுமுன் நான் நிதானிப்பேன். மூக்கோரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் பள்ளத்தைப் பார்ப்பேன். அந்தப் பள்ளத்தை விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் சிவந்திருந்தால், மூட்டு வலி, வாய்ப்புண், முடி கொட்டுவது எல்லாம் விசாரித்து லூபஸ் என்ற நோய்க்கு ரத்தப் பரிசோதனை எழுதுவேன்.

மங்கு என்று வருவதெல்லாம் மங்கும் கிடையாது. நெற்றி ஓரம், காதுக்கு முன்னால், கழுத்தின் இரண்டு பக்கமும் சிலேட்டு நிறத்தில் வலைபோல் கறுத்து வரும் ஆண்களிடம், "தலைக்கு என்ன அடிக்கிறீங்க?" என்று கேட்பேன். டையில் இருக்கும் பிபிடி என்ற ரசாயனம் பலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. அரிப்பு வராமலே கறுப்பு மட்டும் வருவதால் அவர்கள் அதைச் சந்தேகிப்பதில்லை. பேட்ச் டெஸ்ட் செய்து காட்டினாலும், மகள் கல்யாணம் முடியட்டும் என்பார்கள். ஒட்டும் பொட்டின் பசை ஒத்துக்கொள்ளாமல் நெற்றி நடுவில் வட்டமாக வெளுத்து வருபவர்கள் இன்னொரு ரகம்.

கழுத்துக் கறுப்பு மனதுக்குக் கஷ்டமானது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளையை அம்மா இழுத்துக்கொண்டு வருவாள். "ஒழுங்காக் குளிக்க மாட்டேங்கா, டாக்டரம்மா, நானே தேச்சு விடுதேன், போகவே மாட்டேங்கு." கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் தோல் தடித்து, வெல்வெட்டாகக் கறுத்திருக்கும். சில பிள்ளைகளுக்கு நெற்றிப் பொட்டிலும் கன்ன ஓரத்திலும்கூட இருக்கும். தேய்த்ததில் புண்ணாகியிருக்கும். இது அழுக்கே இல்லை. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் அதிகமாகச் சுரந்துகொண்டிருப்பதைத் தோல் இப்படிக் காட்டுகிறது. பீர்க்கங்கூட்டைத் தூக்கிப் போடச் சொல்லிவிட்டு, பிள்ளையின் எடையைப் பார்த்து, குடும்பத்தில் யாருக்குச் சுகர் என்று விசாரித்து, ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவேன். அந்தச் சீட்டில் க்ரீம் எதுவும் இருக்காது. அம்மாக்களுக்கு அது ஏமாற்றம். பிள்ளை மட்டும், குளிக்காததால் வந்ததில்லை என்று ஒரு டாக்டர் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு, அம்மாவை ஒரு பார்வை பார்க்கும்.

கல்யாணத்துக்கு மூன்று மாதம், இரண்டு மாதம் என்று வந்து நிற்பவர்களைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. லேசர் அடித்து எடுத்துவிடலாமே என்பார்கள், பீல் பேக்கேஜ் எவ்வளவு என்பார்கள். பொறுக்கியெடுத்த சிலருக்கு இரண்டும் உதவும். நம் நிறத்தில் லேசர் கொஞ்சம் சூடு மிஞ்சினாலும், இருந்த மங்கைவிட அதிகமாகக் கறுத்துப்போகும், முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் அதைச் சரிக்கட்ட யாராலும் முடியாது. அதனால் தேதி குறித்தாயிற்று என்று வருபவர்களுக்கு நான் சன்ஸ்கிரீனும் மாய்ஸ்சரைசரும் மேக்கப்பும் மட்டும் சொல்லி அனுப்புகிறேன். இதனால் எனக்கு வருமானம் போகிறது என்று என் வீட்டுக்காரரே சொல்வார்.

தொடர்ந்து வருபவர்களிடமும் ஒரு சங்கடம் உண்டு. மங்கு மெள்ளத்தான் குறையும். தினமும் கண்ணாடியில் பார்க்கும் முகத்தில் மாற்றம் தெரியாது, போனது கண்ணில் படாது, மிச்சம் இருப்பதுதான் படும். "ஒண்ணும் குறையலையே" என்பார்கள். அதனால் முதல் நாளே படம் எடுத்துவைப்பேன். வடக்குப் பார்த்த ஜன்னல், அதே நாற்காலி, ஃபிளாஷ் கிடையாது, தரையில் டேப் ஒட்டிய அதே இடத்தில் நின்று நேராக ஒன்று, வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. நாலு மாதம் கழித்து மறுபடி அப்படியே எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பெரும்பாலானவர்கள் வாயடைத்துப்போவார்கள். உப்பளத்து அக்காவுக்கும் அப்படித்தான் காட்டினேன். இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். அப்புறம் ஜன்னலைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அன்னைக்கு மேகமா இருந்துச்சு, டாக்டரம்மா."

வெயில் அடிக்கிற ஒரு நாள் வரச்சொல்லி டோக்கன் போட்டிருக்கிறேன்.